விழா களைகட்டும், ஆனால் 'என்லைவன்' தானாக நடக்காது

கானாடுகாத்தான் பக்கம் இருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். அப்பத்தா காலத்து வீட்டில் நாலு அறைகளை வெளியூர் விருந்தினர் தங்குவதற்காக ஒழுங்கு செய்திருக்கிறார்கள், அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிமுகம் எழுத வேண்டும். 'என்லைவன்' (enliven, கலகலப்பாக்கு) என்ற வினைச்சொல் அவருக்குப் பிடித்துப்போய் மூன்று இடத்தில் போட்டிருக்கிறார். மகன் படித்துவிட்டு மூன்றுமே தப்பு என்கிறான், ஏன் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. இதோ அந்த மூன்றும்: 'ஆன் படைப்பு டேஸ், தி கோர்ட்யார்ட் என்லைவன்ஸ்' (படைப்பு என்பது முன்னோரை நினைத்துப் பங்காளிகள் கூடிப் படைத்துச் சாப்பிடுகிற நாள்), 'வி என்லைவன்ட் திஸ் ஓல்ட் ஹவுஸ்', 'செட்டிநாடு ஃபுட் வில் என்லைவன் யூ'. லைவன் அப், ஸ்பைஸ் அப், ஜாஸ் அப் எல்லாம் இதே பொருள்தானா, இருந்தால் அதில் ஒன்றைப் போட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்.

ஆச்சி, மகன் சொன்னது ஏறக்குறைய சரி. ஆனால் மூன்றும் ஒரே தப்பு இல்லை. முதல் வாக்கியம் இலக்கணத் தப்பு, இரண்டாவது இலக்கணப்படி சரி, பொருள்தான் நீங்கள் நினைத்தது இல்லை, மூன்றாவது யாரும் அப்படிச் சொல்வதில்லை என்ற வகை. முப்பது வருடமாகக் காரைக்குடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த மூன்று வகையையும் ஒன்றாகக் கலந்து 'தப்பு' என்று சிவப்பு மையால் சுழித்துவிடுவதால்தான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பிடிபடாமல் போகிறது என்று நினைக்கிறேன். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாக்கியம்தான் முக்கியம், ஏனென்றால் அந்தத் தப்பு உங்களுடையது இல்லை, தமிழிலிருந்து வருவது. நீங்கள் மனதில் நினைத்தது 'படைப்பு நாளில் எங்கள் வளவு (வீட்டின் உள்முற்றம்) களைகட்டும்' என்பதை. அருமையான தமிழ். வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக்கிடக்கும் வீடு, சாவி யாரோ ஒருவரிடம் இருக்கும், படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் எல்லாரும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்கினதும் வளவு வாசலைச் சுற்றி ஒரே பேச்சும் சிரிப்புமாக ஆகிவிடும். அதை நாம் 'களைகட்டியது' என்கிறோம். யார் களைகட்ட வைத்தார்கள் என்று சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. அது தானாக நடக்கிற காரியம் மாதிரி. வளவு எழுவாய், களைகட்டியது பயனிலை, வாக்கியம் முடிந்தது.

'என்லைவன்' அப்படி நிற்காது. பள்ளிக்கூடத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று படித்திருப்பீர்கள். என்லைவன் எப்போதுமே குன்றா வினை. யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒன்று, இன்னொன்றைக் கலகலப்பாக்க வேண்டும். வினையைப் பார்த்து 'எதை?' என்று கேளுங்கள், வாக்கியத்துக்குள் பதில் இருந்தால் என்லைவன் போடலாம். 'தி கோர்ட்யார்ட் என்லைவன்ஸ்' என்றால் படிக்கிறவர் 'வளவு எதைக் கலகலப்பாக்குகிறது?' என்று அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார், அங்கே முற்றுப்புள்ளி வந்து நிற்கும். 'தி சில்ட்ரன் என்லைவன் தி கோர்ட்யார்ட்' என்று எழுதினால் சரியாகிவிடும், பிள்ளைகள் கலகலப்பாக்குகிறார்கள், வளவை.

இதில் குழப்பம் வருவதற்கு ஆங்கிலமும் ஒரு காரணம். நம் மொழியில் கூடு என்றால் தானாகக் கூடுவது, கூட்டு என்றால் இன்னொருவர் கூட்டுவது. திருந்து, திருத்து. உருகு, உருக்கு. ஒலியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் நிறைய வினைகளுக்கு இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். மெல்ட் என்றால் உருகு, உருக்கு இரண்டும். பிரைட்டன் என்றால் அறை வெளிச்சமானது என்றும் சொல்லலாம், விளக்கு அறையை வெளிச்சமாக்கியது என்றும் சொல்லலாம். அதைப் பார்த்துப் பழகியவர்கள் என்லைவனும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புவது இயல்பு. இல்லை, இது 'உருக்கு', 'திருத்து' பக்கம் மட்டும் நிற்கிற சொல்.

சரி, களைகட்டுவதைத் தானாக நடப்பதாகவே சொல்ல வேண்டும் என்றால்? அதற்குத்தான் 'லைவன் அப்' இருக்கிறது. அது இரண்டு பக்கமும் போகும். 'தி டவுன் லைவன்ஸ் அப் இன் தை' என்றால் தை மாதத்தில் ஊர் களைகட்டுகிறது, யார் செய்தார்கள் என்ற கேள்வியே இல்லை. 'தி மியூசிக் லைவன்ட் அப் தி ஈவ்னிங்' என்றால் பாட்டு மாலைப்பொழுதைக் கலகலப்பாக்கியது. ஆனால் எனக்குக் களைகட்டுதல் என்ற சொல்லுக்கு இன்னும் நெருக்கமாகப் படுவது 'கம் அலைவ்'. உங்கள் வாக்கியத்துக்கு அதைத்தான் சொல்வேன்: 'ஆன் படைப்பு டேஸ், தி கோர்ட்யார்ட் கம்ஸ் அலைவ்'. பூட்டிக்கிடந்த வீடு கண் திறக்கிற மாதிரி ஒரு தொனி அதில் இருக்கிறது, லைவன் அப் போட்டால் ஏதோ மந்தமான விருந்து கொஞ்சம் சூடுபிடித்த மாதிரிதான் இருக்கும்.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'என்லைவன் அப்' என்று ஒன்று கிடையாது. இரண்டையும் கலந்து இப்படி எழுதுகிறவர்களை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். என்லைவனில் முன்னால் இருக்கிற 'என்' எழுத்துகளே 'ஆக்கு' என்ற வேலையைச் செய்துவிடுகின்றன, ரிச் என்பது என்ரிச் ஆவது போல, லார்ஜ் என்பது என்லார்ஜ் ஆவது போல. பின்னால் வரும் 'என்' எழுத்துகளும் அதே வேலைதான், ஸ்வீட் என்பது ஸ்வீட்டன் ஆவது போல. நடுவில் லைஃப், அதாவது உயிர். முன்னாலும் பின்னாலும் இரண்டு 'ஆக்கு' போட்டுக் கட்டிய சொல் இது, 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் புழங்குகிறது. அதற்கும் மேல் ஒரு 'அப்' தாங்காது. லைவன் அப் போடும்போது ஒரு சின்ன கவனம் வேண்டும்: 'அதை' என்று சொல்ல நேர்ந்தால் 'லைவன் இட் அப்' என்று நடுவில்தான் வைக்க வேண்டும், 'லைவன் அப் இட்' என்று கடைசியில் வைக்கக் கூடாது. என்லைவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, 'என்லைவன் இட்' போதும்.

உச்சரிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் விருந்தினரிடம் நேரில் பேசப்போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். 'என்லிவன்' இல்லை, 'லை'. லைஃபிலிருந்து வந்ததால் லை. வாழ்வது என்ற பொருளில் வரும் வினை 'லிவ்', ஆனால் டிவியில் நேரடி ஒளிபரப்பு என்று போடுகிறார்களே அந்த 'லைவ்', அதுதான் இங்கே. சொல்லின் அழுத்தமும் லை மேல்தான் விழ வேண்டும், முன்னால் இருக்கும் 'என்' பாதி விழுங்கி 'இன்' மாதிரிதான் ஒலிக்கும். அப்புறம் 'என்லைட்டன்' என்று ஒரு சொல் இருக்கிறது, ஓர் எழுத்து தடுமாறினால் அங்கே போய் விழுந்துவிடுவோம். அது அறிவு தெளிய வைப்பது. 'நாதஸ்வரம் எங்கள் மாலையை என்லைட்டன் செய்தது' என்று எழுதினால் மாலைப்பொழுது ஞானம் அடைந்ததாக ஆகிவிடும்.

இப்போது இரண்டாவது வாக்கியம். 'வி என்லைவன்ட் திஸ் ஓல்ட் ஹவுஸ்.' இலக்கணத்தில் குறையே இல்லை. எழுவாய் இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது. ஆனால் படிக்கிற வெளியூர்க்காரர் என்ன புரிந்துகொள்வார் தெரியுமா? நாலு பூந்தொட்டி வைத்தீர்கள், திண்டுக்குப் புது உறை போட்டீர்கள், சுவரில் படம் மாட்டினீர்கள், அவ்வளவுதான். நீங்கள் செய்தது அதுவா? ஒழுகிய ஓட்டைப் பிரித்து மாற்றியிருக்கிறீர்கள், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்த பழைய பூச்சு உதிர்ந்த இடத்தில் அதே முறை தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடித்துப் பூச வைத்திருக்கிறீர்கள், பர்மா தேக்குத் தூண்களைச் சுரண்டி மெருகேற்றியிருக்கிறீர்கள். இவ்வளவு வேலையையும் என்லைவன் என்ற சொல் சிறிதாக்கிவிடுகிறது. இந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: அந்தப் பொருளில் ஏற்கெனவே உயிர் இருக்கிறது, கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, நாம் கூட்டுகிறோம். ஒரு சொற்பொழிவு, ஒரு கூட்டம், ஒரு வெறும் சுவர், ஓர் ஆரவாரமில்லாத மாலை, இவைதான் அதற்குப் பொருத்தமான செயப்படுபொருள்கள்.

பழுதுபட்டதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அது 'ரெஸ்டோர்'. 'ரெனவேட்' என்று எழுதிவிடாதீர்கள், அதில் புதுப்பித்தல் என்ற வாடை தூக்கலாக இருக்கும், பழைய வீட்டைப் பார்க்க வருகிறவர் டைல்ஸ் ஒட்டி, ஃபால்ஸ் சீலிங் போட்டு மாற்றிவிட்டார்களோ என்று பயந்துவிடுவார். பூட்டிக்கிடந்த வீட்டில் மறுபடி ஆள் நடமாட்டம் வந்ததைச் சொல்ல வேண்டுமானால் 'ப்ராட் இட் பேக் டு லைஃப்'. நாம் 'உயிரூட்டினோம்' என்று சொல்லும்போது நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். அகராதியில் என்லைவனுக்கு நேரே உயிரூட்டு என்று போட்டிருக்கும், அதை நம்பித்தான் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். உயிரூட்டு கனமான சொல், இல்லாத உயிரைக் கொடுப்பது. என்லைவன் அவ்வளவு கனம் தாங்காது, அன்றாடத் தமிழில் கலகலப்பாக்கு, மெருகூட்டு, சுவை கூட்டு என்பவைதான் அதற்குப் பக்கத்தில் வரும்.

ஆனால் அதே வீட்டில் என்லைவனுக்கு அச்சாகப் பொருந்துகிற ஓர் இடம் இருக்கிறது, அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்பதில் எனக்கு வருத்தம்தான். தரை! ஆத்தங்குடி கல். நீங்கள் எழுதியதில் 'தேர் ஆர் கலர்ஃபுல் டைல்ஸ்' என்று ஒரு வரியோடு போய்விட்டது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றி, பூவும் கட்டமுமாக வார்த்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் அது, சூளையில் சுடுவதே கிடையாது, கண்ணாடியில் படிந்த முகம்தான் அந்த மினுமினுப்பு. நீளமான பட்டாலை (கூடம்), வெள்ளைச் சுவர், கறுத்த தேக்கு, இவற்றுக்கு நடுவில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் காலடியில். அங்கே எழுதுங்கள்: 'ஹேண்ட்மேட் ஆத்தங்குடி டைல்ஸ் என்லைவன் தி லாங் ஹால்'. செய்வது கல், செய்யப்படுவது கூடம், ஏற்கெனவே கம்பீரமாக இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் உற்சாகம். திருப்பிப் போட்டாலும் நன்றாக இருக்கும், 'தி லாங் ஹால் இஸ் என்லைவன்ட் பை ஆத்தங்குடி டைல்ஸ்'. எது கலகலப்பாக்கியதோ அதற்கு முன்னால் 'பை'. ஆளைச் சொல்லி, அவர் எதைக்கொண்டு செய்தார் என்றும் சொன்னால் 'வித்': பாட்டி தன் பர்மா கதைகளால் இரவுச் சாப்பாட்டைக் கலகலப்பாக்கினார் என்றால் 'என்லைவன்ட் டின்னர் வித் ஹர் பர்மா ஸ்டோரீஸ்'. தமிழில் 'ஆல்' உருபு இரண்டையும் பார்த்துக்கொள்ளும், ஆங்கிலத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, 'செட்டிநாடு ஃபுட் வில் என்லைவன் யூ'. ஆளையே செயப்படுபொருளாகப் போடுவது பழைய ஆங்கிலப் புத்தகங்களில் உண்டு, இன்றைக்கு எழுதினால் காதுக்கு ஒட்டாது. சாப்பிட்ட மனிதருக்குத் தெம்பு வந்தது என்றால் 'இன்விகரேட்'. எண்ணெய்க் குளியலுக்கு அதை எழுதலாம், நன்றாகப் பொருந்தும். சோர்ந்திருப்பவர் ஒரு வாய் காபியில் நிமிர்ந்தார் என்றால் 'பெர்க் அப்', வாடின செடி தண்ணீர் ஊற்றியதும் நிமிர்வதற்கும் அதேதான்.

இதற்குப் பதிலாக 'ஸ்பைஸ் அப்' போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செட்டிநாட்டுச் சமையலுக்கு ஸ்பைஸ் அப் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சப்பென்று இருக்கிற ஒன்றை ஏதாவது சேர்த்து ஒப்பேற்றுவது என்ற பொருள் அதில் இருக்கிறது. 'வி ஸ்பைஸ் அப் அவர் சிக்கன்' என்றால் கோழி சுவையில்லாமல் இருந்தது, மசாலா தூவிச் சரிக்கட்டினோம் என்று ஆகும். நம் வீட்டில் கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் கடைசியில் தூவுகிற சமாச்சாரமா? வறுத்து அரைப்பதிலிருந்துதானே குழம்பே தொடங்குகிறது. அங்கே 'ஃப்ளேவர்ட் வித்' என்று எழுதி, மூன்று பொருளின் பெயரைச் சொல்லுங்கள், போதும். 'ஸ்பைசி' என்ற சொல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் மசாலா மணத்தை நினைத்து எழுதுவீர்கள், வெளிநாட்டவர் காரம் என்று படித்துவிட்டுத் தயிர்சாதம் கேட்பார். இங்கே பல உணவகங்களின் மெனு அட்டைகளில் இந்த ஒரு சொல்லே நம் சமையலைக் 'காரம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டது, வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் பால் பணியாரமும் செய்கிற ஊர் இது என்பதே அந்த அட்டைகளில் தெரிவதில்லை.

'ஜாஸ் அப்' வேண்டவே வேண்டாம். பளபளப்பாக எதையாவது ஒட்டி அலங்கரிப்பது அது, சட்டைக்குச் சரி, நூறு வருட வீட்டுக்கு அவமானம்.

'பெப் அப்', 'ஜிஞ்சர் அப்' இரண்டையும் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவற்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பெப் என்பது பெப்பரின் குறுக்கம், மிளகு. பெப்பர் லத்தீனிலும் கிரேக்கத்திலும் புகுந்து போன வழியைப் பிடித்துப் பின்னால் வந்தால் பிப்பலியில் வந்து நிற்கும், நம் திப்பிலி. ஜிஞ்சரை அதே மாதிரி பிராகிருதம் வரைக்கும் பின்தொடர்ந்தால் அதற்கும் பின்னால் இருப்பது 'இஞ்சி வேர்' என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். ஆக ஓர் ஆங்கிலேயர் கூட்டத்தை உற்சாகப்படுத்த 'ஜிஞ்சர் அப்' என்று சொல்லும்போது அவருக்கே தெரியாமல் நம் அடுக்களைச் சொல்லைச் சொல்கிறார். வகுப்பில் இதைச் சொன்ன அன்றைக்குப் பிள்ளைகள் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே இல்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் ஜிஞ்சர் அப் எழுத வேண்டாம். பிரிட்டனில் புழங்குகிற, கொஞ்சம் பழசாகிப்போன பேச்சு அது, மந்தமான குதிரையைத் துடியாகக் காட்ட வியாபாரிகள் அதன் வாலடியில் இஞ்சி வைத்த பழக்கத்திலிருந்து வந்தது. விருந்தினர் பக்கத்துக்குப் பொருந்தாது.

கடைசியாக 'லைவ்லி' பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் நாலாவது பத்தியில் 'தி பங்காளிஸ் டாக் லைவ்லி' என்று இருக்கிறது. முடிவில் 'லி' இருப்பதால் அது வினையுரிச்சொல் மாதிரி தோற்றம் தரும், ஆனால் பெயரைத்தான் தழுவும். 'லைவ்லி டாக்' என்று மாற்றி, 'தி ஹால் ஃபில்ஸ் வித் லைவ்லி டாக்' என்று எழுதுங்கள்.

படைப்பு என்ற சொல்லை நீங்கள் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அதை மாற்றாதீர்கள். மகன் 'ஃபெஸ்டிவல்' என்று திருத்தச் சொல்லலாம், திருத்த வேண்டாம். முன்னோரை நினைத்துப் பங்காளிகள் ஒன்றுகூடிப் படைத்துச் சாப்பிடுகிற நாள் என்று பக்கத்திலேயே ஒரு வரி ஆங்கிலத்தில் சேர்த்துவிட்டு, அதற்கு அடுத்த வரியாக அந்த 'கம்ஸ் அலைவ்' வாக்கியத்தை வையுங்கள். திருத்திய பக்கத்தை எனக்கு ஒருமுறை அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.